இறக்கிய அன்றே இரண்டு பழம்



பழம் வீணாவதைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் சொந்தத் தவறுதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நீலம் மாமரம் இருக்கிறது. வாப்பா வைத்த மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நம் ஊரில் எத்தனையோ மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் மரம் ஒரு பெரிய கிளையை மட்டும் இழந்து தப்பியது. அதனால் அதன்மேல் வீட்டில் எல்லோருக்கும் தனிப் பிரியம். ஒரு வருடம் காய்ப்பு மிக அதிகம். நாங்கள் சாப்பிட்டோம், ஜூஸ் போட்டோம், ஃப்ரிட்ஜில் அடுக்கினோம். நாலு நாள் கழித்துத் தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான், 'அடடா, வீணாகிறதே' என்று ஒரு பையில் போட்டு, தெருக்கோடியில் தையல் வேலை செய்து தனியாக வாழும் ஒரு மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமி பையைத் திறந்து பார்த்தார். முகம் மாறவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, "தம்பி, அடுத்த தடவை மரத்துலேர்ந்து இறக்குன அன்னைக்கே ரெண்டு கொண்டா. ரெண்டு போதும்" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் உறுத்துகிறது. நான் கொடுத்தது தர்மம் அல்ல. என் வீட்டில் மிஞ்சிய குப்பையை இன்னொரு வீட்டு வழியாகக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினேன். பழம் வீணாகாமல் இருக்க என்ன வழி என்ற கேள்விக்கு விடை மாமியின் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. நல்லது நல்லதாக இருக்கும்போதே அடுத்தவருக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதை நாம் பக்குவப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மதீனாவின் பேரீச்சங்குலைகள்

இது புதிய பிரச்சினை அல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. திர்மிதி நூலில் பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி வருகிறது. மதீனாவின் அன்சாரிகள் பேரீச்சந்தோட்டம் உடையவர்கள். அறுவடைக் காலத்தில் குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் பசித்தபோது கோலால் தட்டி, விழுகிற பழத்தை எடுத்துச் சாப்பிடுவார்கள். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் சிலர் காய்ந்து சுருங்கிய, உடைந்த, சுவையற்ற குலைகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில்தான் அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆவது வசனம் அருளப்பட்டது என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. நமக்கே ஒருவர் கொடுத்தால் மனமில்லாமல் வாங்கக்கூடிய மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. அதன் பிறகு எல்லோரும் தம்மிடம் உள்ள நல்லதையே கொண்டுவந்தார்கள் என்றும் அந்த அறிவிப்பில் இருக்கிறது.

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141-ஆவது வசனமும் தோட்டத்தையும் கனிகளையும் பற்றிப் பேசுகிறது. காய்க்கும்போது உண்பது, அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுப்பது, வீண்விரயம் செய்யாதிருப்பது ஆகிய மூன்றும் அந்த ஒரே வசனத்தில் சேர்ந்து வருகின்றன. 'அறுவடை நாளில்' என்பதைக் கவனியுங்கள். நாலு நாள் கழித்து அல்ல.

எவ்வளவு வீணாகிறது?

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. ஹோட்டல்களும் கல்யாண மண்டபங்களும்தான் வீணாக்குகின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய பங்கு நம் அடுப்படியிலிருந்தும் ஃப்ரிட்ஜிலிருந்தும்தான் போகிறது.

பழங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு பகுதி போய்விடுகிறது. லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவடை முதல் விற்பனை வரை மாம்பழத்தில் 9.16 சதவீதமும் கொய்யாவில் 15.88 சதவீதமும் இழப்பு என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வில் பழங்களிலேயே அதிக இழப்பு கொய்யாவுக்குத்தான். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிற இந்தப் பழம்தான் அதிகமாக அழிகிறது.

நம் ஊரில் இப்படி அழுகிப்போகும் பழம் எங்கே போகிறது? குப்பை வண்டியில் ஏறி குருமாம்பேட் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. அதே குருமாம்பேட்டில்தான் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. ஒரே ஊரின் ஒரு பக்கம் அழுகிய பழம் போய்ச் சேரும் இடம். இன்னொரு பக்கம் மரத்தையும் விளைச்சலையும் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம். நம் வீட்டுப் பழம் அங்கே போவதற்கு முன் நாம் ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

பழம் ஏன் கெடுகிறது?

பறித்த பிறகும் பழம் உயிரோடுதான் இருக்கிறது. மாம்பழம், வாழை, சப்போட்டா, சீத்தாப்பழம், பப்பாளி, கொய்யா போன்றவை பறித்த பின்னும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுத் தாமே பழுக்கின்றன. ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைக்கும். கூடையில் ஒன்று அழுகினால் எல்லாம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடிபட்ட இடத்திலும் காம்பு ஒடிந்த இடத்திலும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் நுழைகின்றன. வைகாசி, ஆனி மாத வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே முதல் வேலை, பழத்தைத் தானாக விழ விடாமல் இறக்குவது. வலை கட்டிய தொரட்டியால், காம்பு சிறிது ஒட்டியிருக்கும்படி பறிக்க வேண்டும். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் வடிந்து தோலில் கருப்புத் தழும்பு விழும். அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். மாங்காயை முற்றிய நிலையில் இறக்கி, காற்றோட்டமான இடத்தில் வைக்கோலில் பரப்பினால் சில நாளில் பழுக்கும். கார்பைடு கல் வைப்பது உடலுக்குத் தீங்கு. சட்டப்படி தடை செய்யப்பட்டதும்கூட.

தரையில் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். அவற்றில் பழ ஈ முட்டையிட்டிருக்கும். அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, ஈயாக வெளியே வந்து, மிச்சமிருக்கும் காய்ப்பையும் கெடுக்கும். வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை வெட்டிச் சாப்பிட வேண்டாம். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். 2018-இல் கோழிக்கோடு பகுதியில் நிபா காய்ச்சல் வந்தபோது பழந்தின்னி வௌவால்கள் அந்தக் கிருமியைச் சுமக்கின்றன என்பதை நாம் எல்லோரும் படித்தோம்.

மரத்தின் உச்சியில் சில பழங்களைப் பறவைகளுக்காக விட்டுவிடுவதில் தவறில்லை. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி நமக்குத் தெரிந்ததுதான்.

குர்பானி போல மூன்று பங்கு

பங்கிடுவது எப்படி என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்றை வீட்டுக்கும், ஒன்றை உறவினர், அண்டை வீட்டாருக்கும், ஒன்றை ஏழைகளுக்கும் கொடுப்பது நம் வழக்கம். அதை அன்றே செய்கிறோம். நல்ல கறியை நமக்கு வைத்துக்கொண்டு எலும்பை மட்டும் ஏழைக்குக் கொடுப்பவரை ஊர் மதிக்காது. சில ஆண்டுகளாக பக்ரீத் மாம்பழக் காலத்திலேயே வருகிறது. 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. கறிப் பொட்டலத்தோடு நாலு மாம்பழமும் போனால் எப்படி இருக்கும்!

கனடாவின் டொரோண்டோ நகரில் 2008 முதல் ஓர் அமைப்பு இதே கணக்கில் இயங்குகிறது. 'நாட் ஃபார் ஃப்ரம் த ட்ரீ' என்பது அதன் பெயர். பறிக்க ஆளில்லாத வீடுகளுக்குத் தொண்டர்கள் போய்ப் பழத்தை இறக்குகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு, ஒரு பங்கு பறித்தவர்களுக்கு, ஒரு பங்கு உணவு வங்கி போன்ற இடங்களுக்கு. அவர்கள் குர்பானியைப் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் நியாயமான பங்கீடு என்று யோசித்தபோது அதே மூன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இங்கே சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. பல் மருத்துவர் இஸ்ஸா ஃபாத்திமா ஜாஸ்மின் 2017-இல் பெசன்ட் நகரில் பொதுமக்களுக்கான ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்தார். ஔவையாரின் ஆத்திசூடியிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார். இருப்பவர் வைக்கலாம், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம். மதீனாப் பள்ளிவாசலின் பேரீச்சங்குலைக்கும் இந்த ஃப்ரிட்ஜுக்கும் அடிப்படை ஒன்றே: எடுப்பவர் கை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அங்கே 2016 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், உண்ணத் தகுந்த விற்காத உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது. தொண்டு அமைப்புகளுடன் ஒப்பந்தம் செய்து கொடுக்க வேண்டும். நம் பெரிய மார்க்கெட்டுக்கு அப்படிச் சட்டம் தேவையில்லை. மறுநாள் விற்காது என்று தெரிந்த, ஆனால் இன்று நன்றாக இருக்கிற பழத்தைச் சாயங்காலமே எடுத்துக்கொள்ள நம்பகமான ஒருவர் போய் நின்றால், கொடுக்க மனமுள்ள வியாபாரிகள் இருக்கிறார்கள்.

மிஞ்சியதைப் பக்குவப்படுத்துவது

கொடுத்த பிறகும் மிஞ்சினால் அப்போது அடுப்படி வேலை. நம் உம்மாமார்களுக்குத் தெரிந்த வழிகள்தான். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

காற்றில் விழும் மாங்காய்: அடிபடாதவற்றைத் துண்டு போட்டு, கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு சேர்த்து, ஜாடியில் இரண்டு மூன்று நாள் குலுக்கி வைத்து, பிறகு வெயிலில் காய வைத்தால் மாங்காய் வற்றல். ஊறுகாயாகப் போட்டால் துண்டுகள் மூழ்கும் அளவுக்கு மேலே எண்ணெய் நிற்க வேண்டும். உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நார்த்தங்காய், எலுமிச்சை: நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்பு அடைத்துக் காய வைப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். எலுமிச்சைக்கு கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் உப்பு.

கொய்யா ஜெல்லி: கொய்யாவில் பெக்டின் அதிகம் என்பதால் தானே உறையும். ஒரு கிலோ பழத்தை நறுக்கி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் அரை தேக்கரண்டி சிட்ரிக் அமிலமும் சேர்த்து அரை மணி நேரம் வேக வைத்து, துணியில் பிழியாமல் வடியவிட வேண்டும். ஒரு லிட்டர் சாற்றுக்கு முக்கால் கிலோ சர்க்கரை. கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழாமல் தகடு போலச் சேர்ந்து விழுவதே பதம். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.

மாம்பழத் தகடு: கடைகளில் 'மாங்கோ பார்' என்று விற்பதுதான். ஒரு கிலோ கூழுக்கு 100 கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சைச் சாறும் கலந்து கொதிக்க வைத்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காய வைக்க வேண்டும். காய்ந்த பின் அதன்மேல் இன்னொரு அடுக்கு. நம் ஊரில் இரவில் கடற்காற்று ஈரமாக இருக்கும். மாலையானதும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போட்டு மூடுங்கள்.

ஃப்ரீசர்: மாம்பழக் கூழை ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகச் சிறு பைகளில் கட்டி உறைய வைத்தால் இரண்டு மூன்று மாதம் ஜூஸுக்கு ஆகும்.

ஓர் எச்சரிக்கை. பலா, வாழை, பப்பாளி ஆகியவற்றில் புளிப்பு குறைவு. இவற்றை அமிலம் சேர்க்காமல் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கக் கூடாது. காற்றில்லாத, புளிப்பில்லாத பாட்டிலுக்குள் வளரும் ஒருவகைக் கிருமி உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும். பார்வையிலும் வாசனையிலும் தெரியாமல் போகலாம். பண்ருட்டிப் பலா ஒன்று வாங்கினால் அன்றே சுளை எடுத்து நாலு வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் மேல். கொட்டையைக் கழுவி உலர்த்தி வைத்துக் குழம்புக்குப் போடலாம்.

இன்னொன்று, சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு ஜாம் பாட்டில் அன்பளிப்பு ஆகாது. அவர்களுக்குச் செங்காயாக இரண்டு கொய்யா கொடுங்கள். வாங்குபவருக்கு எது பயன்படும் என்று யோசிப்பதும் கொடையில் ஒரு பகுதிதான்.

நம் முஹல்லாவில் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் தேவையில்லை. முல்லா வீதிப் பக்கமாக இருந்தாலும் சுல்தான்பேட்டையாக இருந்தாலும், ஒவ்வொரு தெருவிலும் காய்க்கிற மரம் எத்தனை, எந்த மாதத்தில் காய்க்கும் என்று ஒரு நோட்டில் எழுதுவது முதல் வேலை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் உள்ள வீடுகளில்தான் பழம் அதிகமாக விழுந்து அழுகுகிறது. அவர்களுக்குக் கொடுக்க மனமில்லாமல் இல்லை, மரமேற ஆளில்லை. அந்த வீட்டுக்கு வாரம் ஒரு முறை நம் இளைஞர்கள் இரண்டு பேர் தொரட்டியோடு போனால் போதும். வீட்டுக்காரரின் அனுமதியோடு, அவர் கண் முன்னே மூன்று பங்கு.

ஏழைகளின் பங்கை வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்க வேண்டாம். படமும் எடுக்க வேண்டாம். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் ஒரு கூடையில் வைத்துவிடலாம். வேண்டியவர் எந்த மதத்தவராயினும் எடுத்துக்கொள்ளட்டும். வெட்டிய பழம் வேண்டாம், முழுப் பழம் மட்டும். கூடையில் எதை வைக்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல்: இதை என் பிள்ளைக்குக் கொடுப்பேனா? இஷாவுக்குள் மிஞ்சியது பக்குவப்படுத்தும் பெண்கள் குழுவுக்கு. அதற்கும் ஆகாதது எருக்குழிக்கு. ஊறுகாயும் ஜெல்லியும் விற்கும் அளவுக்கு வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். கணவரை இழந்த சில சகோதரிகளுக்கு அது ஒரு வருமானமாகவும் அமையலாம்.

மரம் உள்ளவர்களும், மரமேறத் தெரிந்த இளைஞர்களும், ஊறுகாய்ப் பதம் அறிந்த தாய்மார்களும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அந்த மாமிக்கு அடுத்த வருடம் பழம் இறக்கிய அன்றே இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் வாப்பா வச்ச மரமாச்சே" என்று சொல்லி துஆ செய்தார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை அப்போதே அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

நாம் கொடுப்பதை நல்லதாகவும், நேரத்திலும் கொடுக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.